நான்கு ஏழான விளம்பரமும் 15 விநாடிப் படமும்

2020 ஜூலை 1 காலை நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. அன்றைய செய்திகளில் இறந்தவர்கள் 6 பேர். தீக்காயத்தோடு சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறக்க, அந்த மாதம் முடிவதற்குள் எண்ணிக்கை இரு மடங்கைத் தாண்டியது. இப்படிப்பட்ட நாளில் மந்தாரக்குப்பத்திலிருந்தோ டவுன்ஷிப்பிலிருந்தோ செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபருக்குக் கிடைப்பது என்ன? ஆஸ்பத்திரி வாசலில் காதில் விழுவது, கேட்டருகே சங்கத்துக்காரர்கள் சொல்வது, எடுக்கப்படாத அதிகாரியின் போன். இறந்தவர் நிரந்தரத் தொழிலாளியா ஒப்பந்தத் தொழிலாளியா, பராமரிப்புக்குப் பொறுப்பான பொறியாளர் யார் என்று எங்கு வேண்டுமானாலும் பிழை நுழையலாம். எண்ணிக்கை தப்பினால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். பொறுப்பாளரின் பெயர் தப்பினால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

கெட்ட எண்ணம் இல்லாமல் நேர்ந்த பிழைக்குப் பத்திரிகை எவ்வளவு விலை கொடுக்க வேண்டும்? இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடையின் இரு எல்லைகளும் தெரியும்.

முதலாவது அமெரிக்காவில். 1960 மார்ச் 29 அன்று நியூயார்க் டைம்ஸ் இதழில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவாக முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் பிழைகள் இருந்தன. கிங் நான்கு முறை கைதானவர். விளம்பரம் ஏழு என்றது. போராட்டத்தில் மாணவர்கள் பாடியது விளம்பரம் சொன்ன பாட்டல்ல. அவர்களின் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தைப் பூட்டினார்கள் என்றதும் உண்மையல்ல. மாண்ட்கோமரி நகரில் போலீஸைக் கவனித்துவந்த ஆணையர் சல்லிவன், தம் பெயரே இல்லாத அந்த விளம்பரத்துக்காக வழக்குப் போட்டார். அலபாமா ஜூரி 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அவர் ஊர்ப்பக்கம் போன பிரதிகள் சுமார் 35தான். கணக்குப் போட்டால் பிரதிக்கு 14,000 டாலருக்கு மேல். 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் அதை ரத்து செய்தது. பொய் என்று தெரிந்தே போட்டார்கள், அல்லது உண்மையா பொய்யா என்று கொஞ்சமும் பொருட்படுத்தாமல் போட்டார்கள் என அதிகாரி நிரூபித்தாலொழிய நஷ்டஈடு கிடையாது என்றது.

இரண்டாவது நம் நாட்டில். 2008 செப்டம்பர் 10 அன்று டைம்ஸ் நவ் தொலைக்காட்சி, ஒரு வருங்கால வைப்புநிதி முறைகேடு பற்றிய செய்தியில் கொல்கத்தா நீதிபதி பி.கே. சமந்தாவின் படம் வர வேண்டிய இடத்தில் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி பி.பி. சாவந்த்தின் படத்தைக் காட்டியது. சுமார் 15 விநாடி. பெயர்கள் ஒலிப்பில் நெருக்கமானவை. டெஸ்க்கில் யாரோ அவசரத்தில் எடுத்துப் போட்டிருக்க வேண்டும். படத்தை உடனே நிறுத்தினார்கள். வருத்தம் தெரிவிக்கும் வரி திரையில் ஓட மட்டும் பல நாள் ஆனது. 2011-இல் புனே நீதிமன்றம் விதித்த நஷ்டஈடு 100 கோடி ரூபாய். விநாடிக்கு ஆறரைக் கோடிக்கு மேல்! மேல்முறையீட்டை விசாரிக்கவே 20 கோடியைக் கட்டி, 80 கோடிக்கு வங்கி உத்தரவாதம் தரச் சொன்னது பம்பாய் உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதில் தலையிடவில்லை.

இந்தியாவில் சல்லிவன் தீர்ப்புக்கு இணையானது இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருக்கிறது; தமிழ்நாட்டில் பிறந்தது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிட முற்பட்டதும், அதில் உயர் அதிகாரிகளின் தொடர்பு வெளிவரும் என்பதால் சிறைத்துறைத் தலைவர் தடுத்ததும், ஆசிரியர் கோபால் நீதிமன்றம் போனதும் தெரிந்த கதை. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: அலுவல் சார்ந்த நடத்தை பற்றி எழுதியது தவறாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் எழுதினார்கள் என்று காட்டாதவரை அதிகாரிக்கு நஷ்டஈடு இல்லை, தக்கபடி விசாரித்துத்தான் எழுதினோம் என்று பத்திரிகை காட்டினால் போதும். அரசும், அரசு அதிகாரம் செலுத்தும் அமைப்புகளும் மானநஷ்ட வழக்கே போட முடியாது என்றும் சேர்த்துச் சொன்னது. நெய்வேலி அனல்மின் நிலையத்தை நடத்தும் என்.எல்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனம் இந்த வரம்புக்குள் வருமா என்று வக்கீல்கள் இரு பக்கமும் வாதாடலாம். பிரிட்டிஷ் நிலக்கரிக் கழகம் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் மீது போட்ட வழக்கு, பொது அமைப்பு இப்படி வழக்குப் போட முடியாது என்ற காரணத்தால் 1996-இல் நிற்காமல் போனது.

சாவந்த் வழக்கில் தொலைக்காட்சியை இந்தக் கவசம் காக்காததில் வியப்பில்லை. அவர் ஓய்வு பெற்றவர். முறைகேட்டுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவருக்குப் பரிகாரம் வேண்டியதுதான். பிழையும் பிழைதான். ஆனால் பெரிய நிறுவனத்தையே கலங்கடிக்கும் அந்தத் தொகை கடலூர் மாவட்டச் சிற்றிதழின் மீது விழுந்தால், மறுநாள் அந்த இதழ் இருக்காது.

சல்லிவனுக்கும் ஆட்டோ சங்கர் தீர்ப்புக்கும் இடையே ஒரு வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. நியூயார்க் டைம்ஸ் தன் கோப்பிலேயே இருந்த பழைய செய்திகளோடு விளம்பரத்தை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அது கவனக்குறைவு, அவ்வளவுதான் என்று அமெரிக்க நீதிமன்றம் விட்டுவிட்டது. நம் தீர்ப்போ விசாரித்தீர்களா என்று கேட்கிறது. எனக்கு நம்முடையதே சரியென்று படுகிறது. நெய்வேலி போன்ற ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். எந்த வட்டத்தில் எந்தக் குவார்ட்டர்ஸ் யாருடையது என்பது வரை தெரியும். தப்பாக அச்சான ஒரு பெயர் அந்தக் குடும்பத்தைக் கடைவீதி வரை துரத்தும். அச்சுக்குப் போகுமுன் அந்த ஆளுக்கே ஒரு போன் போட்டுக் கேட்பது நிருபரால் முடியாத காரியமல்ல. போன் எடுக்கப்படவில்லை என்றால் எத்தனை மணிக்கு அழைத்தோம் என்று குறித்து வைத்திருந்தால், விசாரித்ததற்கு அதுவே சாட்சி.

நம் சட்டத்தின் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 1994 தீர்ப்பு தருவது சிவில் வழக்கிலிருந்து பாதுகாப்பு. கிரிமினல் அவதூறு வழக்கின் கதவு திறந்தே கிடக்கிறது. அதில் இரண்டாண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு எழுதினோம் என்ற விலக்கு உண்டு. ஆனால் அதை நிரூபிக்கும் வரை ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைய வேண்டும். அதிகாரியின் சார்பில் அரசு வக்கீலே வழக்குப் போடலாம். அதிகாரிக்குக் கைக்காசு செலவில்லை. ஜெயலலிதா ஆட்சியில் இத்தகைய வழக்குகள் குவிந்ததும், அவற்றில் என். ராம், நக்கீரன் கோபால் உள்ளிட்டோர் மீதானவற்றை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் நினைவிருக்கும். ஆனால் கிரிமினல் அவதூறுப் பிரிவே செல்லாது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2016-இலேயே தள்ளிவிட்டது.

பத்திரிகைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் பக்கத்தில் போட்ட பிழைக்கு ஏழாம் பக்க மூலையில் பொடி எழுத்தில் வருத்தம் தெரிவிப்பது திருத்தமல்ல. அதே இடத்தில், அதே அளவில், மறுநாளே போட்டவருக்கு நஷ்டஈட்டைக் குறைக்கலாம் என்று சட்டத்தில் எழுதிவைத்தால், பாதிக்கப்பட்டவருக்கும் நல்லது, பத்திரிகைக்கும் நல்லது. கிரிமினல் பிரிவு போகத்தான் வேண்டும். இலங்கை அதை 2002-இலேயே நீக்கிவிட்டது. நாமோ 2023-இல் தண்டனைச் சட்டத்தை முழுதாகத் திருத்தி எழுதியபோதும் அதை விடவில்லை. புதிய சட்டத்தின் 356-ஆம் பிரிவில் சமூக சேவை என்ற தண்டனை கூடுதலாகச் சேர்ந்தது. இரண்டாண்டுச் சிறை அப்படியே இருக்கிறது.