மலேசிய சூப்பர் லீக்: பருவத் தொடக்கத்தில் எந்த அணி பலசாலி? புள்ளிப் பட்டியலைப் படிக்கும் முறை

கேரி தீவு - கோல லங்காட் மாவட்டத்தின் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கேரி தீவில், மாலை வேளையில் திடல்களை நிரப்பும் விளையாட்டு காற்பந்துதான். தீவு சிலாங்கூர் மாநிலத்தில் இருப்பதால், இங்குள்ள பெரும்பாலோருக்குச் சொந்த அணி சிவப்பு மஞ்சள் சட்டை அணியும் சிலாங்கூர். ஒவ்வொரு பருவமும் தொடங்கி நான்கைந்து ஆட்டங்கள் முடிந்ததும், "இந்த வருஷம் யார்?" என்ற பேச்சு தேநீர்க் கடைகளிலும் ஆலயத் திடல்களிலும் எழுந்துவிடும்.

அந்தப் பேச்சுக்குக் கையில் கிடைக்கும் ஒரே ஆதாரம் புள்ளிப் பட்டியல். ஆனால், பருவத் தொடக்கத்தில் அந்தப் பட்டியல் பாதி உண்மையைத்தான் சொல்லும். மீதியை எங்கே தேடுவது என்பதை 2025-26 பருவத்தை வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

லீக்கின் அமைப்பு

மலேசிய சூப்பர் லீக் 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. முதல் பத்து ஆண்டுகளில் கிண்ணம் பல கைகளுக்கு மாறியது. பகாங், பெர்லிஸ், நெகிரி செம்பிலான், கெடா, சிலாங்கூர், கிளந்தான் ஆகிய அணிகள் வெற்றியாளராயின. 2013ஆம் ஆண்டு சிங்கப்பூரின் லயன்ஸ்XII அணி கிண்ணத்தை எடுத்துச் சென்றது. 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 முறை ஜொகூர் டாருல் தக்ஸிம் (ஜேடிதி) அணியே வெற்றியாளர்.

2025-26 பருவத்தில் 13 அணிகள் ஆடுகின்றன. ஒவ்வோர் அணியும் மற்ற 12 அணிகளைச் சொந்த அரங்கில் ஒரு முறை, எதிரணி அரங்கில் ஒரு முறை என மொத்தம் 24 ஆட்டங்களில் சந்திக்கும். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணிக்கு ஓய்வு கிடைக்கும்.

தொடக்கப் பட்டியலில் கவனிக்க வேண்டிய ஐந்து விஷயங்கள்

*1. ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை.* ஓய்வுச் சுற்று, ஆசியப் போட்டிகளுக்காகத் தள்ளி வைக்கப்படும் ஆட்டங்கள் ஆகிய இரண்டும் சேர்ந்து பட்டியலைக் கோணலாக்கிவிடும். ஐந்து ஆட்டங்களில் 11 புள்ளி பெற்ற அணி, நான்கு ஆட்டங்களில் 10 புள்ளி பெற்ற அணிக்கு மேலே நிற்கும். மொத்தப் புள்ளியை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் முதல் அணிக்கு ஆட்டத்திற்கு 2.2, இரண்டாம் அணிக்கு 2.5. உண்மையில் முன்னிலையில் இருப்பது கீழே நிற்கும் அணிதான்.

*2. யாரோடு ஆடினார்கள்?* முதல் நான்கு ஆட்டங்களிலும் பட்டியலின் அடியில் உள்ள அணிகளைச் சந்தித்த அணிக்கு 12 புள்ளி கிடைப்பது பெரிய ஆச்சரியமல்ல. ஜேடிதியையும் சிலாங்கூரையும் எதிரணி அரங்கில் சந்தித்துவிட்டு 6 புள்ளியோடு நிற்கும் அணி அதைவிடப் பலமானதாக இருக்கக்கூடும்.

*3. சொந்த அரங்கா, பயணமா?* தீபகற்ப அணிகள் கோத்தா கினபாலுவுக்கும் கூச்சிங்குக்கும் பறக்க வேண்டும். சபா, கூச்சிங் அணிகளோ ஏறக்குறைய ஒவ்வொரு வெளியாட்டத்திற்கும் கடல் தாண்ட வேண்டும். சொந்த அரங்கில் சேர்த்த புள்ளியையும் வெளியே சேர்த்த புள்ளியையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது.

*4. கோல் வேறுபாடு.* ஒரே ஆட்டத்தில் 6-0 என வென்ற அணியின் கோல் வேறுபாடு பல வாரங்களுக்கு அழகாகத் தெரியும். அந்த ஓர் ஆட்டத்தைக் கழித்துவிட்டு மற்ற ஆட்டங்களில் எத்தனை கோல் விட்டார்கள் என்று பார்த்தால் தற்காப்பின் தரம் தெரியும்.

*5. திடலில் ஆடாமல் வந்த புள்ளி.* 2024ஆம் ஆண்டு மே மாதம் சிலாங்கூர் ஆட்டக்காரர் பைசால் ஹலிம் மீது திராவகம் வீசப்பட்டது. பாதுகாப்புக் கவலையால் ஜேடிதியுடனான பருவத் தொடக்க ஆட்டத்திலிருந்து சிலாங்கூர் விலகியது. ஆட்டம் 3-0 என ஜேடிதிக்கு வழங்கப்பட்டது. அந்தக் கணக்கைப் பட்டியலில் பார்ப்பவருக்கு இரு அணிகளின் திறனைப் பற்றி எதுவும் தெரிய வராது.

தொடக்கம் ஏமாற்றிய கதைகள்

கோலாலம்பூர் சிட்டி அணி 2021 சூப்பர் லீக்கில் ஆறாவது இடத்தில்தான் முடித்தது. அதே ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் நடந்த மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜேடிதியை 2-0 என வீழ்த்தியது. அடுத்த ஆண்டு ஏஎப்சி கிண்ண இறுதியாட்டம் வரை சென்றது.

பினாங்கு இதற்கு நேர்மாறு. 2020இல் இரண்டாம் நிலை லீக்கை வென்று மேலே வந்து, 2021இல் மூன்றாவது இடத்தைப் பிடித்தது. 2022இல் கடைசி இடத்துக்குச் சரிந்தது. முந்தைய பருவத்தின் இடத்தை வைத்து மட்டும் கணித்தவர்கள் அந்த ஆண்டு ஏமாந்தார்கள்.

2020ஆம் ஆண்டு கோவிட் தொற்றால் லீக் ஒரு அணிக்கு 11 ஆட்டங்களாகக் குறைக்கப்பட்டது. வழக்கமாகப் பாதிப் பட்டியலாக இருந்திருக்க வேண்டியது அந்த ஆண்டு இறுதிப் பட்டியலாகிவிட்டது. குறுகிய லீக்கில் ஒவ்வொரு தவறும் இரண்டு மடங்கு கனக்கும் என்பதை அணிகள் அப்போது கண்டன.

உலக அளவில் இதற்குப் பெயர் பெற்ற உதாரணம் பனி ஹாக்கியில் உள்ளது. வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்கில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடும். அங்கே பருவத் தொடக்கத்திலேயே ஊடகங்கள் வாரந்தோறும் பலத் தரவரிசை வெளியிடும். 2019 ஜனவரி தொடக்கத்தில் 31 அணிகளில் கடைசியில் கிடந்த செயின்ட் லூயிஸ் புளூஸ், அதே ஆண்டு ஜூன் மாதம் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. 82 ஆட்டங்கள் கொண்ட லீக்கில் சரிவிலிருந்து எழக் காலம் இருக்கிறது. 24 ஆட்டங்கள் மட்டுமே உள்ள நம் லீக்கில் அந்தக் காலம் மிகக் குறைவு. அதனால்தான் இங்கே தொடக்கத்தைச் சரியாகக் கணிப்பது இன்னும் முக்கியமாகிறது.

2025-26: அணிகளின் பலவரிசை

கீழ்க்காணும் வரிசை ஒரு வாரத்துப் பட்டியலைப் பார்த்துப் போடப்பட்டதல்ல. கடந்த சில பருவங்களின் அடைவு, ஆட்டக்காரர் பலம், பணபலம் ஆகிய மூன்றையும் வைத்து அமைந்தது.

*முதல் படி: ஜேடிதி.* 2015இல் ஏஎப்சி கிண்ணத்தை வென்ற முதல் மலேசிய அணி. 2022இல் ஆசிய வெற்றியாளர் லீக்கின் கடைசி 16 அணிகளுள் ஒன்றாக நுழைந்த முதல் மலேசிய அணியும் இதுவே. 2020இல் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் அரங்கம், சொந்தப் பயிற்சி மையம், இளையோர் அணிகள் என அடித்தளம் உறுதியாக உள்ளது. எனினும் 2025 செப்டம்பரில், போலி ஆவண விவகாரத்தில் தேசிய அணியின் 7 ஆட்டக்காரர்களுக்கு ஃபிஃபா 12 மாதத் தடை விதித்தது. அவர்களுள் மூவர் (பிகெய்ரெடோ, இராசாபால், ஹெவல்) ஜேடிதி ஆட்டக்காரர்கள். வேறு எந்த அணியும் இதனால் நிலைகுலைந்திருக்கும். மாற்று ஆட்டக்காரர்களே தேசியத் தரத்தில் இருப்பதால் ஜேடிதியை முதல் படியிலிருந்து இறக்க இது மட்டும் போதாது.

*இரண்டாம் படி: சிலாங்கூர்.* மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற சாதனை இந்த அணியுடையது. ஆனால் கடைசி லீக் வெற்றி 2010இல், கடைசி மலேசியக் கிண்ணம் 2015இல். 2023இலும் 2024-25இலும் இரண்டாம் இடம். முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் உள்ள தூரத்தை 2024 ஆகஸ்டு எப்ஏ கிண்ண இறுதியாட்டம் காட்டியது. அதில் ஜேடிதி 6-1 என வென்றது. சிலாங்கூர் இரசிகர்கள் பட்டியலில் பார்க்க வேண்டியது ஜேடிதியோடு உள்ள புள்ளி இடைவெளியை. அது பத்தாவது ஆட்டம் வரை 3 புள்ளிக்குள் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம்.

*மூன்றாம் படி: சபா, கூச்சிங் சிட்டி, திரெங்கானு, கோலாலம்பூர் சிட்டி.* சபா 2022, 2023 ஆகிய இரு பருவங்களிலும் மூன்றாம் இடம் பெற்றது. திரெங்கானு 2022இல் லீக்கில் இரண்டாம் இடம், 2023இல் மலேசியக் கிண்ண இறுதியாட்டம். 2023இல் சூப்பர் லீக்குக்கு வந்த கூச்சிங் சிட்டி படிப்படியாக வளர்ந்த அணி. கோலாலம்பூர் சிட்டி கிண்ணப் போட்டிகளில் கூர்மையானது, பணநெருக்கடியில் தடுமாறுவது. இந்த நான்கு அணிகளையும் பருவத் தொடக்கத்தில் பிரித்து வரிசைப்படுத்துவது கடினம். ஒரு காயம் அல்லது ஒரு நல்ல மாதம் நான்கின் இடத்தையும் மாற்றிவிடும்.

*நான்காம் படி: நெகிரி செம்பிலான், பினாங்கு, பிடிஆர்எம், கிளந்தான் தி ரியல் வாரியர்ஸ், புதிதாக வந்த குடிநுழைவுத்துறை, மலாக்கா, புருணை டிபிஎம்எம்.* குடிநுழைவுத்துறையும் மலாக்காவும் ஏ1 அரை நிபுணத்துவ லீக்கிலிருந்து மேலே வந்தவை. டிபிஎம்எம் முன்பு மலேசிய லீக்கில் ஆடி, பின்னர் சிங்கப்பூர் லீக்கை 2015இலும் 2019இலும் வென்ற அனுபவமுள்ள அணி. புதிய அணிகளைப் பற்றி எதிரணிகளுக்கு அதிகம் தெரியாது என்பதால் தொடக்கத்தில் சில அதிர்ச்சி வெற்றிகள் வரும். இரண்டாம் சுற்றில்தான் உண்மையான தரம் வெளிப்படும்.

பட்டியலில் தெரியாத பலம்: சம்பளம்

மலேசியக் காற்பந்தில் ஓர் அணியின் பலத்தை அளக்க இன்னொரு கேள்வியும் வேண்டும்: ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா?

2025-26 பருவம் தொடங்கும் முன்பே கெடாவுக்கும் பேராவுக்கும் உரிமம் கிடைக்கவில்லை. 2004இல் முதல் சூப்பர் லீக்கை வென்ற பகாங் தானாகவே விலகியது. அதற்கு முன் 2023 பருவத்துக்குச் சரவாக் யுனைடெட், மலாக்கா யுனைடெட் அணிகள் உரிமம் இழந்தன. 2024-25இல் சம்பளப் பாக்கியால் கோலாலம்பூர் சிட்டி, கெடா அணிகளின் புள்ளிகள் கழிக்கப்பட்டன.

சம்பளம் வராத அணியும் முதல் சில ஆட்டங்களில் நன்றாகவே ஆடும். மூன்றாம் மாதத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் கிளம்புவார்கள், உள்ளூர் இளைஞர்கள் கடன் வாங்கிக் குடும்பத்தை ஓட்டுவார்கள். அதன் பிறகே பட்டியல் சரியும். ஆகவே, தொடக்கத்தில் மேலே நிற்கும் அணியைப் பற்றிய செய்திகளில் "பாக்கி" என்ற சொல் வருகிறதா என்று பார்ப்பது, கோல் வேறுபாட்டைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

இந்தியச் சமூகத்தின் அணி இருந்த காலம்

இந்தப் பாடம் நம் சமூகத்துக்குப் புதிதல்ல. மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றமும் மலேசிய இந்தியர் காற்பந்து சங்கமும் இணைந்து நடத்திய எம்ஐஎஸ்சி-மீஃபா அணி, 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயருடன் சூப்பர் லீக்கில் கால் வைத்தது. நாட்டின் உயர்ந்த லீக்கில் இந்திய இளைஞர்கள் பலர் ஒரே அணியில் ஆடியதைச் சமூகம் பெருமையோடு பார்த்தது. பயிற்றுநர் பி. மணியத்தின் கீழ், 2021இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமல் முழு உள்ளூர் அணியாகவே களமிறங்கியது.

அந்த அணி தரம் இறங்கி வெளியேறவில்லை. 2022 பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்து தானாக விலகிக்கொண்டது. அதன் பிறகு சமூகத்தின் பெயரைச் சொல்லும் அணி எதுவும் சூப்பர் லீக்கில் இல்லை.

ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. "ஸ்பைடர்மேன்" என்று அழைக்கப்பட்ட சிலாங்கூர் கோல் காவலர் ஆர். ஆறுமுகம், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற தேசிய அணியின் தூண்களுள் ஒருவர். கே. ராஜகோபால் பயிற்றுநராக 2009இல் சீ விளையாட்டுத் தங்கத்தையும் 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தையும் பெற்றுத் தந்தார். பி. சத்தியநாதனின் பயிற்சியில் கிளந்தான் 2010 மலேசியக் கிண்ணத்தை வென்றது. எஸ். குணாளன் ஜேடிதியின் வலப்பக்கத்தில் ஓடியவர். இவர்களுக்கு அடுத்த வரிசை எந்த அணியில் வளரும் என்பதே இப்போதைய கேள்வி.

கேரி தீவின் பெற்றோர்களுக்கும் இளைஞர்களுக்கும்

தோட்டத் திடலில் ஆடும் பையன் ஒரு கிளப்பின் இளையோர் தேர்வுக்குப் போக விரும்பினால், பட்டியலில் முதலில் நிற்கும் அணி எது என்பதைவிட நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கிளப்புக்கு இந்தப் பருவத்திற்கான உரிமம் உண்டா? பிரசிடென் கிண்ணத்தில் ஆடும் இளையோர் அணி உண்டா? அங்கிருந்து முதல் அணிக்கு அண்மையில் யாராவது உயர்த்தப்பட்டார்களா? ஒப்பந்தம் எழுத்தில் தரப்படுகிறதா?

ஆட்டத்தைப் பார்க்க மட்டும் விரும்புவோருக்கு, சிலாங்கூரின் சொந்த ஆட்டங்கள் கிளானா ஜெயாவில் உள்ள பெட்டாலிங் ஜெயா அரங்கில் நடக்கின்றன. பழைய ஷா ஆலாம் அரங்கம் மறுநிர்மாணத்துக்காக மூடப்பட்டுவிட்டது. கோலாலம்பூர் சிட்டி செராஸ் அரங்கில் ஆடுகிறது.

பத்தாவது ஆட்டம் முடிந்த பிறகு பட்டியலை ஒரு முறை எடுத்து, ஆட்டத்திற்கு எத்தனை புள்ளி என்று வகுத்து, மேலே உள்ள ஐந்து விஷயங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு முன் வரும் எந்தத் தரவரிசையும் வெறும் ஊகம்தான்.