பங்கு இல்லாதவர்களின் வீழ்ச்சி

"ஷேர் மார்க்கெட் விழுந்தா தோட்டத்து ஆளுக்கு என்ன?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, கோலா குபு பாருவுக்குத் தெற்கே புக்கிட் பெருந்தோங்கைப் போய்ப் பாருங்கள் என்பதுதான். 1997 நெருக்கடியில் உறைந்த நகரம் அது.

அந்த ஜூலைக்கு முன் டாலருக்கு 2.50 வெள்ளி. 1998 ஜனவரியில் 4.88 வரை சரிந்தது. இறக்குமதிச் சாமான்கள் விலையேறின. அவ்வாண்டுப் பணவீக்கம் 5.3 விழுக்காடு. வெள்ளியைக் காக்க பேங்க் நெகாரா பிப்ரவரியில் வட்டியை 11 விழுக்காடாக்கியது.

பங்கை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தவர்கள் திணறினார்கள். பங்கு விழ அடகின் மதிப்பும் விழுந்தது. வங்கி கூடுதல் பணம் கேட்டது. கட்ட முடியாமல் பங்கை விற்க, அது மேலும் விழுந்தது. 1997 பிப்ரவரியில் 1,271 புள்ளியைத் தொட்ட கோலாலம்பூர் குறியீடு 1998 செப்டம்பர் 1-இல் 262. மறுநாள் டாலருக்கு 3.80 வெள்ளி என்று கட்டிப்போட்டார்கள். மூலதனம் வெளியேறும் வழியையும் அடைத்திருந்ததால், வட்டியைத் துணிந்து இறக்க முடிந்தது.

குறியீடு பிறகு ஏறியது. ஆனால் வட சிலாங்கூரில் நகரமாகும் என்று விற்ற நிலத்தில் கித்தா மரமும் இல்லை, வந்த வீட்டில் ஆளும் இல்லை. தோட்டத்து ஆள் ஒரு பங்குகூட வாங்கியதில்லை. நஷ்டத்தில் மட்டும் பங்கு கிடைத்தது.