விளையாட்டு இருக்கு, பக்கம் எங்கே? சித்தன்னவாசலிலிருந்து ஒரு எபிசோட்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஸ்டுடியோவில் இல்லை. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி, சித்தன்னவாசல் பாறை மேல உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்கேன். காத்துச் சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்குங்க.

வரலாற்று நிகழ்ச்சின்னா சித்தன்னவாசல் ஓவியத்தைப் பத்திதானே பேசுவாங்கன்னு நினைப்பீங்க. பேசுவேன். ஆனா இன்னைக்குத் தலைப்பு வேற. விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட வீடியோ கேம்களோட ஆன்லைன் ஸ்டோர் பக்கங்கள். கேம் இல்லை, அந்தக் கேமை விற்ற பக்கம். பேர், படம், விலை, விவரம், கீழே ஜனங்க எழுதின ரிவ்யூ. அதை யாராவது பாதுகாக்கணுமா?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது என் சித்தி பையனால. கல்லூரி மூணாவது வருஷம் படிக்கும்போது, 2017-ல், அவன் ஒரு சின்ன மொபைல் கேம் செஞ்சான். ஜல்லிக்கட்டுக் காளை வாடிவாசலிலிருந்து ஓடும், நீங்க தடையைத் தாண்ட வைக்கணும். அவ்வளவுதான். ஒரு ஆப் ஸ்டோரில் ஏத்தினான். விவரத்தைத் தமிழிலேயே எழுதினான். முதல் ரிவ்யூ எழுதினது எங்க சித்தப்பா. அதுக்காகவே யாரையோ பிடிச்சு ஒரு கணக்கு ஆரம்பிச்சு, அஞ்சு ஸ்டார் போட்டு, "என் மகன் செய்தது, எல்லோரும் விளையாடவும்"னு எழுதினார்.

2021-ல் சித்தப்பா தவறிட்டார். போன வருஷம் வேலைக்கு இன்டர்வியூ போன இடத்தில் "நீங்க செஞ்ச கேம் லிங்க் காட்டுங்க"ன்னு கேட்டிருக்காங்க. திறந்தா பக்கமே இல்லை. ரொம்ப நாளா அப்டேட் பண்ணலைன்னு ஸ்டோர் எடுத்துடுச்சு. மெயில் வந்திருக்கு, அவன் பழைய மெயிலைப் பாக்கிறதே இல்லை. ராத்திரி எனக்குப் போன் பண்ணான். "அண்ணே, கேம் லேப்டாப்ல பத்திரமா இருக்குண்ணே. வேலை போனாப் போகுது. அப்பா எழுதினது போயிருச்சே."

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அதான் இங்க வந்தேன்.

பாறையில் ஒரு பக்கம்

மலை மேல ஏழடிப்பட்டம்னு ஒரு குகை இருக்கு. ஏறுறதுக்குப் பாறையில் அடி வைக்கக் குழி வெட்டியிருக்காங்க. உள்ளே சமணத் துறவிகள் படுத்த 17 கல் படுக்கைகள், தலையணை மாதிரி மேடோட. ஒரு படுக்கையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு வாசகம் இருக்கு. வயசு 2000 வருஷத்துக்கு மேல. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருத்தருக்காக, சிறுபோசில் இளையர் இந்த இருக்கையைச் செஞ்சாங்கன்னு கல்வெட்டு அறிஞர்கள் அதைப் படிக்கிறாங்க.

யோசிச்சுப் பாருங்க. யாருக்கு, எந்த ஊர்க்காரர், யார் செஞ்சாங்க, என்ன செஞ்சாங்க. ஒரு ஸ்டோர் பக்கத்தில் இருக்க வேண்டிய அத்தனையும் ஒரே வரியில். பக்கத்துப் படுக்கைகளில் பல நூற்றாண்டு கழிச்சு, பிற்கால எழுத்தில் வந்தவங்க பேரு இருக்கு. திருநீலன், திருப்பூரணன். அந்த ஆட்களைப் பத்தி வேற எதுவும் நமக்குத் தெரியாது. இங்க வந்தாங்க, பேர் இருக்கு, அவ்வளவுதான். படுக்கை மட்டும் மிஞ்சி எழுத்து இல்லாம போயிருந்தா, இது வழவழப்பான பாறை, அவ்வளவுதான்.

கீழே அறிவர் கோவில். குடைவரைக் கோயில். விதானத்தில் தாமரைக்குளம், மீன், யானை, பூப்பறிக்கிற ஆட்கள். தூண்களில் நடனமாடுற பெண்கள், ராஜா ராணி. அந்தக் குளத்தைப் பார்த்தவங்க மறக்க மாட்டாங்க, நிறையப் பகுதி மங்கிப்போனாலும்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஓவியங்கள் ஆய்வாளர்கள் கவனத்துக்கு வந்தப்ப, பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலம், அதாவது 7-ஆம் நூற்றாண்டுன்னு முடிவு பண்ணாங்க. பாணி அப்படி இருக்குன்னு காரணம் சொன்னாங்க. அப்புறம் கோயில் முன்னால பாறையில் இருக்கிற கல்வெட்டைப் படிச்சாங்க. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், உள்ளே அர்த்தமண்டபத்தைப் புதுப்பிச்சு, முன்னால ஒரு முகமண்டபம் கட்டினார்னு அது சொல்லுது. ஓவியத்தோட காலம் 9-ஆம் நூற்றாண்டுக்கு நகர்ந்துச்சு, பல்லவர் கையிலிருந்து பாண்டியர் கைக்கு வந்துச்சு.

இதில் இன்னொரு விஷயம் இருக்கு. இளங்கௌதமன் கட்டின முகமண்டபம் இப்ப இல்லை. இடிஞ்சு போச்சு. இன்னைக்கு வாசலில் நிக்கிற தூண்கள் புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து வெச்சது. கட்டினது போச்சு, "கட்டினேன்"ங்கிற எழுத்து நிக்குது. சித்தி பையனுக்கு நேர் எதிர். அவனுக்குச் செஞ்சது இருக்கு, எழுத்து போச்சு.

கடை மூடும் நாள்

சரி, கேம் உலகத்துக்கு வருவோம். 2023 ஜூலையில் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 2010-க்கு முன்னால அமெரிக்காவில் வந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இப்ப கடையில் வாங்கக் கிடைக்காது. அதே வருஷம் மார்ச் 27-ல் நின்டெண்டோ தன்னோட வீ யூ, 3டிஎஸ் கருவிகளுக்கான இ-ஷாப்பில் விற்பனையை நிறுத்துச்சு. மூடுறதுக்கு முன்னால ஒரு அமெரிக்க யூடியூபர் அந்தக் கடையில் இருந்த கேம் எல்லாத்தையும் வாங்கினார். 2,400-க்கு மேல கேம், 22,791 டாலர் செலவு. கேம்களை அவர் காப்பாத்தினார். கடை எப்படி இருந்துச்சு, எந்தக் கேமை முதல் வரிசையில் வெச்சாங்க, யாருக்குன்னு சொல்லி வித்தாங்க, இதெல்லாம் வாங்கிற பையில் வராது.

கடைக்குக் கடை வழக்கம் வேற. ஸ்டீமில் விற்பனையை நிறுத்தின பல கேம்களுக்குப் பக்கம் அப்படியே நிக்கும். "வெளியீட்டாளர் கேட்டுக்கொண்டதால் இப்போது விற்பனையில் இல்லை"ங்கிற மாதிரி ஒரு அறிவிப்பு, கீழே பழைய ரிவ்யூ எல்லாம் இருக்கும். மொபைல் கடைகளில் அந்தப் பழக்கம் இல்லை. எடுத்தா மொத்தமா எடுத்தாச்சு.

நம்ம ஊர்க் கதை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை பண்ணுச்சு. ரெண்டொரு நாளில் இந்தியாவில் ஸ்டோரைத் திறந்தா பப்ஜி பக்கம் இல்லை. வேற நாட்டில் திறந்தா இருந்துச்சு. அதாவது ஸ்டோர் பக்கம்ங்கிறது ஒரே பக்கம் இல்லை, நாட்டுக்கு ஒண்ணு. 2021 ஜூலை 2-ல் இந்தியாவுக்குன்னே பிஜிஎம்ஐ வந்துச்சு. 2022 ஜூலை 28-ல் அதுவும் ஸ்டோரிலிருந்து போச்சு. 2023 மே மாசம் திரும்ப வந்துச்சு. இந்த மூணு வருஷத்தை நாளைக்கு ஒருத்தர் வரலாறா எழுதணும்னா அரசாணை கிடைக்கும், செய்தித்தாள் கிடைக்கும். ஆனா தடைக்கு முந்தின ராத்திரி நம்ம பசங்க அந்தப் பக்கத்தில் என்ன எழுதினாங்க? அதுதானே உண்மையான ஆவணம்.

இன்னொரு சிக்கல், பக்கம் இருக்கும்போதே அழியுது. மொபைல் ஸ்டோரில் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பழைய விவரத்து மேலேயே புதுசு எழுதுறாங்க. "புதியது என்ன"ங்கிற பெட்டியில் முன்னால தெரியிறது கடைசியா வந்ததுதான். இந்தக் கோயில்லயும் அதுதான் நடந்திருக்கு. கருவறை விதானத்தில் இப்ப தெரியிற ஓவியத்துக்கு அடியில், கம்பளம் விரிச்ச மாதிரி இன்னும் பழைய ஒரு அடுக்கு இருக்குன்னு பின்னாளில் கண்டுபிடிச்சாங்க. சுண்ணாம்புக்கு அடியில் பழசு தங்கியிருந்துச்சு. சர்வரில் அப்படித் தங்காது.

யார் வேலை இது?

புத்தகத்துக்குச் சட்டம் இருக்கு. 1954-ஆம் வருஷச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி போகணும், சென்னை கன்னிமாரா உட்பட வேற நூலகங்களுக்கும் போகணும். அந்தச் சட்டம் புத்தகம், செய்தித்தாளோட நின்னுடுது. கேமுக்கு இடமில்லை, கேம் பக்கத்துக்குச் சுத்தமா இல்லை.

இப்ப நமக்குக் கையில் இருக்கிற பெரிய கருவி இன்டர்நெட் ஆர்கைவோட வேபேக் மெஷின். 1996-லிருந்து இணையப் பக்கங்களைப் பிரதி எடுக்குது. ஆனா ஸ்டோர் பக்கம் அதுக்குக் கஷ்டமான சரக்கு. பல பக்கங்கள் நீங்க கீழே நகர்த்தினாத்தான் மிச்சத்தைக் கொண்டுவரும். டிரெய்லர் வேற சர்வரில் இருக்கும். வயசு கேட்கிற திரையிலேயே பிரதி நின்னுடும். ரிவ்யூவில் முதல் மூணு நாலுதான் பதிவாகும். அதனால இயந்திரம் பாத்துக்கும்னு விட முடியாது.

"விளம்பரப் பக்கத்தைப் போய்ப் பாதுகாக்கணுமா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லாத்தையும் சேத்தா குப்பையும் சேரும். ரிவ்யூ எழுதினவங்களில் சிலருக்கு அது மறக்கப்படணும்ங்கிற விருப்பமும் இருக்கலாம். ஆனா எது குப்பைன்னு இன்னைக்கே நமக்குத் தெரியாது. படுக்கையில் பேர் வெட்டினவரைப் பார்த்து, அன்னைக்கும் யாராவது "சுவத்தை ஏன்யா கெடுக்குறே"ன்னு கேட்டிருப்பாங்க.

நீங்க செய்யக்கூடியது சின்ன வேலை. நீங்களோ தெரிஞ்சவங்களோ கேம் செஞ்சிருந்தா, இன்னைக்கே அந்தப் பக்கத்து முகவரியை வேபேக் மெஷினில் கொடுத்துச் சேமிங்க. அது போதாது, மேலிருந்து கீழ் வரைக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. தேதி, பதிப்பு எண், விலை, எத்தனை எம்பி, எந்த நாட்டிலிருந்து பாத்தீங்கன்னு எழுதி வைங்க. ரிவ்யூக்களைத் தனியா காப்பி பண்ணிக்குங்க. அரைமணி நேரம் ஆகும்.

என் பழைய போனைத் தேடிப் பாத்தேன். 2017-ல் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவன் போட்ட ஒரு ஸ்கிரீன்ஷாட் கிடைச்சது. காளை படம் இருக்கு, கேம் பேர் இருக்கு, அவன் எழுதின விவரம் இருக்கு. ரிவ்யூ வரைக்கும் அவன் நகர்த்தலை. படம் அங்கேயே முடிஞ்சிடுது. அதை அவனுக்கு அனுப்பினேன். "இது போதும்ணே"ன்னு பதில் வந்துச்சு. போதாதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

சித்தப்பா எழுதின வரியை இந்த எபிசோடில் நான் சொன்னதுக்குக் காரணம் அதுதான். இனிமே அது இங்கயாவது இருக்கும்.

அடுத்த வாரம் பாக்கலாம்.