மொய் நோட்டும் பைத்தான் மூன்றும்

போன ஆடியில் எங்கள் மாமா வீட்டில் மொய் விருந்து. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு மட்டும்: ஆடி, ஆவணியில் ஊரைக் கூப்பிட்டுக் கறி விருந்து போடுவார்கள். சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள். அது அன்பளிப்பு இல்லை, பின்னால் அவர்கள் வீட்டு விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதனால் யார் எவ்வளவு எழுதினார் என்ற நோட்டுதான் எல்லாம். பி.காம். படிக்கிறவன் என்பதால் கணக்கு என் தலையில் விழுந்தது.

எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் 2012ல் பைத்தான் மொழியில் எழுதிய சின்ன நிரல் ஒன்று பழைய மடிக்கணினியில் இருந்தது. பெயர், ஊர், தொகை கொடுத்தால் பட்டியல் அச்சடித்துத் தரும். இவ்வளவு நாள் ஆங்கிலத்தில்தான் பெயர் அடித்தார்கள். இந்த முறை தமிழில் அடிப்போமே என்று நான்தான் ஆரம்பித்தேன். இரவு பட்டியலைப் பார்த்தால் 'கருப்பையா'வும் 'கருப்பண்ணன்'னும் ஒன்றுபோல 'கருப்ப' என்று நின்று, பின்னால் ஒரு கட்டம். இருவரும் ஒரே ஊர். ஒருவர் எழுதியது ஐயாயிரம், மற்றவர் ஆயிரம். யார் எது என்று விடிய விடிய விசாரித்துச் சரி செய்தோம்.

மறுநாள் அந்த நிரலைச் சரிபார்க்க என் கணினிக்கு மாற்றினேன். முதல் வரியிலேயே பிழை என்றது. அதே பைத்தான், ஆனால் ஓடவே இல்லை! ஏன் என்று தேடப் போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது. ஒரு திறமூல மென்பொருளின் புதிய பதிப்புக்கு எப்படித் திட்டமிட்டார்கள், அந்தத் திட்டம் எங்கே சறுக்கியது என்ற கதை.

பைத்தானை உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுத ஆரம்பித்து, 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். யூனிகோடின் முதல் பதிப்பு வந்தது 1991 அக்டோபரில். அதாவது உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு வருவதற்கு முன்பே பைத்தான் பிறந்துவிட்டது. அதற்கு எழுத்து என்றால் ஒரு பைட், அவ்வளவுதான். ஆங்கிலத்துக்கு அது போதும்.

தமிழுக்குப் போதாது. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'புதுக்கோட்டை' நமக்கு ஆறு எழுத்து: பு, து, க், கோ, ட், டை. யூனிகோடில் ஒவ்வொன்றும் ஒரு மெய்வடிவமும் ஒரு குறியுமாக இரண்டு குறியீடு, மொத்தம் 12. அதை யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் குறியீட்டுக்கு 3 பைட், மொத்தம் 36. பழைய பைத்தானிடம் இந்தச் சொல்லின் நீளம் கேட்டால் 36 என்று சொல்லும். அண்ணன் பெயரை இருபதோடு வெட்டச் சொல்லியிருந்தார். அது இருபது எழுத்து என்று அவர் நினைத்தார், பைத்தான் இருபது பைட் என்று எடுத்துக்கொண்டது. இருபது பைட்டில் ஆறு குறியீடு போக மிச்சம் இரண்டு பைட், அதுதான் அந்தக் கட்டம்!

2000 அக்டோபரில் வந்த பைத்தான் 2.0ல் யூனிகோடுக்கென்று தனி வகை ஒன்றைச் சேர்த்தார்கள். பழைய பைட் வகையும் அப்படியே இருந்தது. இரண்டையும் கலக்கவும் விட்டார்கள். ஆங்கிலம் மட்டும் இருக்கும்வரை கலப்பு வேலை செய்யும். ஒரு தமிழ்ப் பெயர் உள்ளே வந்ததும் நிரல் விழுந்துவிடும். எழுதியவர் ஊரில் ஓடும், நம் ஊரில் ஓடாது. சோதனையில் அகப்படாத பிழைதானே மோசமான பிழை?

இன்னொரு பழைய குறையும் இருந்தது. ஐந்தை இரண்டால் வகுத்தால் விடை 2 என்று சொல்லும். இரண்டும் முழு எண் என்பதால் விடையும் முழு எண். வணிகவியல் மாணவனுக்கு இதைப் படித்ததும் நெஞ்சு பதறியது. மீதி அரை ரூபாய் எங்கே சார் போச்சு?

இவற்றைச் சரி செய்தால் ஏற்கெனவே எழுதிய நிரல்கள் உடையும். அதனால் உடைப்பதை எல்லாம் ஒரே தடவையில் உடைத்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். 2006 ஏப்ரலில் 'பைத்தான் 3000' என்ற பெயரில் திட்டம் எழுத்தில் வந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயங்கள் மூன்று.

ஒன்று, முதலிலிருந்து திருப்பி எழுதப் போவதில்லை, இருப்பதையே திருத்துவோம் என்றார்கள். காரணம் இருந்தது. நெட்ஸ்கேப் 1998ல் தன் உலாவியின் மூல நிரலைத் திறந்துவிட்டு, பிறகு பெரும்பகுதியைப் புதிதாக எழுதப் போனது. ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை. ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில் வந்தபோது சந்தை கைவிட்டுப் போயிருந்தது. பெர்ல் மொழியின் ஆறாம் பதிப்பு 2000ல் அறிவிக்கப்பட்டு 2015 கிறிஸ்துமஸுக்குத்தான் வந்தது. 2019ல் அதன் பெயரையே 'ராக்கு' என்று மாற்றிவிட்டார்கள்.

இரண்டு, எதை மாற்றப் போகிறோம் என்பதோடு எதை மாற்றவே மாட்டோம் என்றும் தனி ஆவணம் எழுதினார்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு அப்படியே இருக்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. ஆளாளுக்கு ஓர் ஆசையோடு வரும் இடத்தில் இப்படி ஒரு வேலி இல்லாவிட்டால் வேலை முடியாது.

மூன்று, கெடு. பெரிய மாற்றங்களை முன்மொழிய 2007 ஏப்ரல் வரை என்று தேதி வைத்தார்கள். 2008 டிசம்பர் 3 அன்று பைத்தான் 3.0 வந்தேவிட்டது. எழுத்து வேறு, பைட் வேறு என்று பிரித்தார்கள். ஐந்தை இரண்டால் வகுத்தால் 2.5. அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயம். என் கணினியில் முதல் வரியிலேயே விழுந்ததற்கு இதுதான் காரணம்.

திட்டம் சொன்னபடி முடிந்தது. ஆனால் ஆட்கள் வரவில்லை!

தப்பு எங்கே என்றால், பழைய பதிப்பில் இருப்பவர்கள் எப்படி வருவார்கள் என்ற கணக்கில். பழைய நிரலைப் புதியதாக மாற்றித் தர ஒரு கருவி செய்தார்கள். பழையதிலேயே எழுதிக்கொண்டிரு, வேண்டும்போது கருவியை ஓட்டிப் புதியதை எடுத்துக்கொள் என்பதுதான் திட்டம். நடைமுறையில் அது ஒத்துவரவில்லை. இது பெயரா, வெறும் பைட்டா என்பது எழுதியவருக்குத்தான் தெரியும், கருவிக்குத் தெரியாது. அதோடு ஒரு நிரல் பத்து நிரலகங்களை நம்பி இருக்கும். பத்தில் ஒன்று வராவிட்டாலும் நாம் போக முடியாது. எல்லோரும் அடுத்தவர் போகட்டும் என்று நின்றார்கள். இணையதளங்கள் கட்ட உதவும் ஜாங்கோ, பரிசோதனை அளவில் பைத்தான் மூன்றுக்கு வந்ததே 2013ல்தான்.

கடைசியில் வழி பிறந்தது எப்படி? ஒரே நிரல் இரண்டு பதிப்பிலும் ஓடும்படி எழுதலாம் என்று ஆட்களே கண்டுபிடித்தார்கள். பைத்தான் குழுவும் இறங்கி வந்தது. வேண்டாம் என்று தூக்கிய பழைய எழுத்துமுறை ஒன்றை 2012ல் 3.3 பதிப்பில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2.7 பதிப்புக்கான ஆதரவை 2015ல் நிறுத்துவதாக இருந்ததை 2014ல் இன்னும் ஐந்து ஆண்டு நீட்டினார்கள். அதன் கடைசி வெளியீடு 2020 ஏப்ரலில் வந்தது. இரண்டரை ஆண்டில் திட்டமிட்டு முடித்த பதிப்புக்கு ஆட்கள் வந்து சேரப் பதினோரு ஆண்டுக்கு மேல்.

இதைப் படித்தபோது எனக்கு நயா பைசா ஞாபகம் வந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்குப் பதினாறு அணா போய் நூறு நயா பைசா வந்தது. ஓர் அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19, நாலுக்கு 25 என்று மாற்றுப் பட்டியல் கொடுத்தார்கள். பழைய காசும் புதிய காசும் சில காலம் ஒரே கல்லாப்பெட்டியில் கிடந்தன. பைத்தானின் முதல் திட்டத்தில் இல்லாதது அந்தக் கல்லாப்பெட்டிதான். 1948 வரை அம்மன் காசு புழங்கிய ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்.

அப்படியானால் உடைத்ததே தப்பா? நான் அப்படி நினைக்கவில்லை. தமிழோ சிங்களமோ இந்தியோ எழுதுகிறவனுக்குப் பழைய பைத்தான் தினம் தினம் உடைந்துகொண்டுதான் இருந்தது. புதிய பதிப்பில் அந்தச் சிரமம் எல்லோருக்குமாக ஒருமுறை வந்து போனது. நமக்கு அது லாபக் கணக்கு.

முழு லாபம் என்றும் சொல்ல முடியாது. பைத்தான் மூன்றிடம் 'புதுக்கோட்டை' நீளம் கேட்டால் 12 என்கிறது, ஆறு என்று சொல்வதில்லை. முதல் ஐந்தை வெட்டு என்றால் 'புதுக' என்று புள்ளியைத் தொலைத்துவிட்டுத் தரும். மிச்சத்தை நம் ஆட்கள் செய்தார்கள். 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை 2007ல் தொடங்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் 'ஓப்பன் தமிழ்' என்ற கட்டற்ற நிரலகத்தை உருவாக்கினார்கள். அதனிடம் கேட்டால்தான் பு, து, க், கோ, ட், டை என்று ஆறாகப் பிரித்துத் தரும். மாறும் காலத்தில் அது பைத்தானின் இரண்டு பதிப்பிலும் ஓடும்படி எழுதப்பட்டிருந்தது. அதாவது, கல்லாப்பெட்டியில் இரண்டு காசுக்கும் இடம் வைத்திருந்தார்கள்.

அண்ணனின் நிரலைப் பைத்தான் மூன்றுக்கு மாற்றி, பெயரை எழுத்துக் கணக்கில் வெட்டச் சொல்லிவிட்டேன். பிறகு யோசித்து, வெட்டுவதையே எடுத்துவிட்டேன். பெயர் நீளமாக இருந்தால் அடுத்த வரிக்குப் போகட்டும். பழைய மடிக்கணினியில் பழைய நிரல் அப்படியே இருக்கிறது. வரும் ஆடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டுவதாகத் திட்டம். மாமா மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று நீளமான மொய் நோட்டு ஒன்றும் வாங்கி வைத்துவிட்டார் :-)