தூங்க விடாதீர்கள்!

ரொறன்ரோவில் வசிக்கும் உறவினர் ஒருவரின் மகன் மலைப்பாம்பு வளர்க்கிறான். ஒருநாள் அது தலையைப் பின்னுக்கு வளைத்து வானத்தைப் பார்ப்பதுபோலக் கிடந்ததாம். மல்லாத்தி விட்டால் புரண்டு நேராகத் தெரியவில்லை. மிருக வைத்தியர் உடனேயே நரம்புநோயாக இருக்கலாம் என்றிருக்கிறார். வளர்ப்புப் பாம்புகளிடம் 1970களில் கவனிக்கப்பட்ட கொடிய தொற்றுநோய் ஒன்றுக்கும் இவையே அறிகுறிகள். 2012இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் அந்நோயுடன் தொடர்புடைய வைரசுகளைக் கண்டறிந்தனர். செய்தியை ஊரிலுள்ள முதியவர் ஒருவருக்குச் சொன்னபோது, "பாம்புக்கும் நரம்புத் தளர்ச்சியோ!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் சிரித்ததில் வியப்பில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பாம்பு வளர்ப்புப் பிராணி அன்று. நயினாதீவு நாகபூஷணி அம்மன் மீதுள்ள பக்தியால் நாகபாம்பை அடிக்கத் தயங்குவார்கள். புடையனைக் கண்டால் தயங்கமாட்டார்கள். பாம்பினால் மனிதருக்கு நேரும் நரம்பு முடக்கமே எம்மவர் அறிந்தது. அதன் அறிகுறிகளை அவர்கள் எவ்வாறு படித்தார்கள் என்பது ஒரு தனி வரலாறு.

பாம்பு தீண்டியவரை விடியும்வரை தூங்க விடக்கூடாது என்பது ஊர்வழக்கு. முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், கன்னத்தில் தட்டுவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வேப்பிலையையோ மிளகாயையோ மெல்லக் கொடுத்து, கசக்கிறதா, உறைக்கிறதா என்று கேட்பார்கள். விஷகடிப் பரியாரியார் பார்வை பார்ப்பார், விஷக்கல் வைப்பார். இவற்றை மூடநம்பிக்கை என்று எழுதித் தள்ளியவர்களுள் நானும் ஒருவன். இன்று யோசிக்கையில், அந்த வழக்கத்தின் அடியில் கூர்மையான அவதானம் ஒன்று இருந்திருக்கிறது என்று தோன்றுகிறது. நாகமோ விரியனோ கடித்தவருக்குக் கண்ணிமை தானாகவே சரியும். பார்ப்பவர்களுக்கு அது தூக்கம். உண்மையில் அது இமையைத் தூக்கும் தசைக்கு நரம்பின் கட்டளை போய்ச் சேராத நிலை. எம் முன்னோர் அறிகுறியைச் சரியாகக் கண்டார்கள். காரணத்தைத் தவறாக எண்ணினார்கள். தூங்கியதால் எவரும் இறக்கவில்லை. மூச்சுத் தசைகளும் இமையைப் போலவே தளர்ந்ததால் இறந்தார்கள்.

மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து 1873இல் நாடு திரும்பினார். 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் அச்சேறியது. நரம்பையும் தசையையும் தமிழில் படித்த மாணவர்கள் இங்கு உருவாயினர். ஆயினும் பாம்பு விஷத்துக்கு அவர்கள் கையில் மாற்று மருந்து இருக்கவில்லை. நாகவிஷம் மூச்சை நிறுத்தியே கொல்கிறது, செயற்கைச் சுவாசம் கொடுத்தால் உயிர் நீளும் என்று பெயரர், பிரன்டன் என்னும் இருவர் 1870களில் விலங்குகளில் காட்டியிருந்தனர். பிரெஞ்சு அறிஞர் கல்மெத்தின் விஷமுறிவுச் சீரம் வந்தது 1890களின் நடுப்பகுதியில்.

விரியன் தனிக்கதை. இரவில், தரையில் பாய் விரித்துப் படுப்பவரைக் கடிக்கும். பல்லுப் பதிந்த அடையாளமே தெரியாது. வீக்கமில்லை, வலியும் பெரிதாக இல்லை. வயிற்றுவலி என்று எழும்புவார். விடியும்போது கண் திறக்க முடியாது. 1963இல் தாய்வானின் சாங், லீ ஆகிய இருவர் அந்நாட்டு விரியனின் விஷத்திலிருந்து இரண்டு வகை நச்சுகளைப் பிரித்தெடுத்தனர். ஒன்று தசையின் வாசலை அடைக்கிறது, மற்றது நரம்பு நுனியையே சிதைக்கிறது. சிதைந்த நுனியை எந்தச் சீரமும் திருப்பித் தராது. அது மீண்டும் வளரும்வரை இயந்திரம் மூச்சுவிட வேண்டும். அவ்வாறு கிடக்கும் நோயாளி தளர்ந்து பிணம்போல இருப்பார். ஆனால் பக்கத்தில் நின்று அழுபவர்களின் குரல் அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இதை அறிந்த நாளிலிருந்து, "கொண்டுவரும்போதே முடிந்துவிட்டது" என்ற சொல்லைக் கேட்டால் மனம் துணுக்குறுகிறது.

கண்ணாடிப் புடையன் இரத்தத்தைக் கெடுக்கும் பாம்பு என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. இலங்கைப் புடையன் கடித்தவர்களுக்கு இமையும் சரிகிறது, தசையும் சிதைகிறது, பம்பாய் ஹாவ்கின் நிறுவனத்தின் சீரம் போதிய பலன் தரவில்லை என்று பிலிப்ஸ், வாரெல் முதலியோர் 1988இல் எழுதினர். இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு செய்த மருந்தையே எமது நாடு பல பத்தாண்டுகளாக நம்பியிருந்தது.

அவர்கள் அதை எழுதி இரண்டே ஆண்டுகளில், 1990இல், குடாநாட்டில் மின்சாரம் போயிற்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. பாடசாலை விறாந்தைகளிலும் மரங்களின் கீழும் இலட்சக்கணக்கானோர் தரையில் படுத்தார்கள். மழைக்காலம் அது, பாம்புகளும் புற்றைவிட்டு வெளியேறும் காலம். மண்ணெண்ணெய் விளக்கில் எவருடைய இமை சரிந்திருக்கிறது, எவர் களைத்துத் தூங்குகிறார் என்று யார் பார்ப்பது?

"அரவம் தீண்டிக் குடும்பஸ்தர் மரணம்." இத்தலைப்பில் நான்கு வரிச் செய்திகள் எத்தனை எழுதினேன் என்று கணக்கில்லை. பெயர், வயது, ஊர், எத்தனை பிள்ளைகளின் தந்தை, அவ்வளவுதான். எத்தனை மணிக்குக் கடித்தது, எப்போது கண் சொருகியது, எப்போது பேச்சுக் குழறியது, ஆஸ்பத்திரிக்கு எதில் ஏற்றினார்கள் என்று ஒரு வீட்டிலும் நான் கேட்டதில்லை.