தொழில்நுட்ப உதவி என்றால் என்ன? நெருக்கடியிலிருந்து மீளும் இலங்கை தரும் விளக்கம்

வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதைத் தற்காலிகமாக நிறுத்துவதாக இலங்கை 2022 ஏப்ரல் 12-ஆம் தேதி அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. மக்கள் போராட்டத்தைத் தொடர்ந்து நாட்டை விட்டு வெளியேறிய அதிபர் கோத்தபய ராஜபட்ச, ஜூலை 14-இல் பதவி விலகினார். இந்தியா அவ்வாண்டில் அளித்த சுமார் 400 கோடி டாலர் உதவியும், சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச் 20-இல் ஒப்புதல் அளித்த சுமார் 300 கோடி டாலர் கடனும் பரவலாகப் பேசப்பட்டன. அவற்றுடன் சேர்ந்து வந்த மற்றோர் உதவி அதிகம் கவனிக்கப்படவில்லை. அதுவே தொழில்நுட்ப உதவி.

பணத்துக்குப் பதிலாக அறிவு

இயந்திரங்களை வழங்குவது மட்டுமே தொழில்நுட்ப உதவி ஆகாது. சட்ட வரைவு, வரி நிர்வாகம், கணக்குத் தணிக்கை, புள்ளிவிவரச் சேகரிப்பு, தேர்தல் நடைமுறை போன்றவற்றில் நிபுணர்களை அனுப்புவதும், அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிப்பதும் இதில் அடங்கும். ஆட்சிமுறையோ பொருளாதார அமைப்போ மாறும் காலத்தில் ஒரு நாட்டுக்கு இது மிகவும் தேவைப்படுகிறது. பழைய விதிகள் பயனற்றுப் போன நிலையில், புதிய விதிகளை உருவாக்கி நடத்தும் அனுபவம் உள்நாட்டில் குறைவாக இருப்பதே காரணம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் விடுதலை பெற்ற நாடுகளுக்காக இவ்வகை உதவி விரிவடைந்தது. 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் மாநாட்டில் கொழும்புத் திட்டம் உருவானது. சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது, அதிலிருந்து பிரிந்த நாடுகளுக்காக ஐரோப்பிய சமூகம் 1991-இல் ‘டாசிஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. போலந்து, ஹங்கேரி ஆகிய நாடுகளுக்காக 1989-இல் தொடங்கப்பட்ட ‘ஃபாரே’ திட்டம் பின்னர் பிற நாடுகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

எக்ஸ்டர் முதல் 2023 சட்டம் வரை

இலங்கைக்கு இது புதிதன்று. விடுதலைக்குப் பின்னர் மத்திய வங்கி ஒன்றை அமைக்க விரும்பிய அந்நாட்டு அரசு, அமெரிக்காவின் உதவியை நாடியது. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் அமைப்பைச் சேர்ந்த பொருளியலாளர் ஜான் எக்ஸ்டர் அளித்த அறிக்கையின் அடிப்படையில், 1949-ஆம் ஆண்டின் 58-ஆம் எண் நாணய விதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1950 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கிய மத்திய வங்கியின் முதல் ஆளுநராகவும் எக்ஸ்டரே பொறுப்பேற்றார்.

அச்சட்டம், மத்திய வங்கி அரசுக்கு முன்பணம் வழங்க இடமளித்தது. நிதி அமைச்சகச் செயலாளர் வங்கியின் நாணயச் சபையிலும் உறுப்பினராக இருந்தார். வரி வருவாய் குறைந்து செலவு பெருகியபோது, புதிதாகப் பணம் உருவாக்கி அரசின் செலவை ஈடுகட்டும் வழியாக இந்த ஏற்பாடு மாறியது. அது பணவீக்கத்தைத் தூண்டிய காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

நெருக்கடிக்குப் பின்னர், சர்வதேச நாணய நிதியத்தின் தொழில்நுட்ப ஆலோசனையுடன், 2023-ஆம் ஆண்டின் 16-ஆம் எண் மத்திய வங்கிச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இதன்படி, அரசுக்கு மத்திய வங்கி நேரடியாக நிதியளிப்பது தடை செய்யப்பட்டது. நிதி அமைச்சகச் செயலாளருக்கு வங்கியின் ஆளும் சபையில் இடமில்லை. பணவீக்க இலக்கு 5 சதவீதம் என நிர்ணயிக்கப்பட்டது. தொடர்ந்து இரு காலாண்டுகளுக்கு இலக்கிலிருந்து 2 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் விலகினால், அதற்கான காரணத்தை வங்கி நாடாளுமன்றத்துக்கு விளக்க வேண்டும். 2024-இல் பணவீக்கம் இலக்கைவிட மிகவும் தாழ்ந்தபோது இவ்விதி நடைமுறைக்கு வந்தது.

ஊழலுக்கான காரணங்களை ஆராயும் ஆட்சிமுறை மதிப்பீட்டையும் நாணய நிதியம் மேற்கொண்டது. ஆசியாவில் ஒரு நாட்டுக்கு இத்தகைய மதிப்பீடு நடத்தப்பட்டது அதுவே முதல் முறை. அதன் அறிக்கை 2023 செப்டம்பர் 30-இல் வெளியானது. புதிய ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவின் இடம்

இத்தகைய உதவியைப் பெற்ற நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959-இல் சென்னை ஐஐடி தொடங்கப்பட்டது. ஜெர்மானியப் பேராசிரியர்கள் தாயகம் திரும்பிய பின்னரும் அந்நிறுவனம் தன் சொந்த வலிமையில் வளர்ந்தது. திருப்பதி மாவட்டம் ஏர்ப்பேட்டில் உள்ள திருப்பதி ஐஐடி 2015-இல் தொடங்கப்பட்டபோது, அதற்கு வழிகாட்டும் பொறுப்பை ஏற்றது சென்னை ஐஐடிதான்.

உதவி வழங்கும் நாடாகவும் இந்தியா விரைவிலேயே மாறியது. இந்தியத் தொழில்நுட்பப் பொருளாதார ஒத்துழைப்புத் திட்டமான ‘ஐடெக்’ 1964 செப்டம்பர் 15-இல் தொடங்கப்பட்டது. இதில் 160-க்கும் மேற்பட்ட நாடுகள் பங்கேற்கின்றன. பயிற்சிக்கு வருவோரின் விமானக் கட்டணம், தங்குமிடம், பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றை இந்தியாவே ஏற்கிறது. சென்னை தரமணியில் உள்ள தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனம், ஹைதராபாதில் உள்ள தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனம் உள்ளிட்டவற்றில் இப்பயிற்சிகள் நடைபெறுகின்றன.

அரசியல் மாற்றத்துக்கும் இந்தியா துணை நின்றுள்ளது. முடியாட்சியிலிருந்து நாடாளுமன்ற முறைக்கு மாறிய பூடான், 2008 மார்ச்சில் நடத்திய முதல் பொதுத் தேர்தலில் இந்திய மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களைப் பயன்படுத்தியது. நமீபியாவும் 2014-இல் அவற்றைப் பயன்படுத்தியது.

தெற்காசியாவின் 6 நாடுகளுக்காக நாணய நிதியம் அமைத்த பயிற்சி மற்றும் தொழில்நுட்ப உதவி மையம் 2017 முதல் புது தில்லியில் இயங்கி வருகிறது. இலங்கையும் அதன் உறுப்பு நாடு. இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக 2024 டிசம்பரில் புது தில்லி வந்தபோது, அந்நாட்டின் 1,500 அரசு அதிகாரிகளுக்கு 5 ஆண்டுகளில் பயிற்சி அளிக்க உடன்பாடு ஏற்பட்டது.

விமர்சனங்கள்

தொழில்நுட்ப உதவி அனைவராலும் வரவேற்கப்படுவதில்லை. வெளிநாட்டு ஆலோசகர்களின் துணையுடன் 1990-களில் ரஷியா மேற்கொண்ட விரைவான தனியார்மயம், பெருமளவு சொத்துகள் சிலரிடம் குவிய வழிவகுத்ததாக இன்றும் விமர்சிக்கப்படுகிறது. கண்காணிக்கும் சட்டங்களும் அமைப்புகளும் வலுப்பெறும் முன்பே விற்பனை நடந்தது அதற்கு முக்கியக் காரணம்.

இலங்கையிலும் இக்கேள்வி எழுந்துள்ளது. மதிப்புக் கூட்டு வரி 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. சமுர்த்தித் திட்டத்துக்குப் பதிலாக 2023-இல் ‘அஸ்வெசும’ நலத்திட்டம் கொண்டுவரப்பட்டபோது, பயனாளிகள் பட்டியலில் தங்கள் பெயர் விடுபட்டதாகப் பலர் போராடினர், மேல்முறையீடும் செய்தனர். வரி உயர்வு, கடன் திட்டத்தின் வருவாய் இலக்குகளுடன் தொடர்புடையது. பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலை வகுப்பது தொழில்நுட்பப் பணி. ஆயினும் விலைவாசியால் நலிந்த குடும்பங்களுக்கு இரண்டும் ஒரே சுமையாகவே தெரிகின்றன. அளவுகோலில் நேரும் சிறு பிழையும் ஒரு குடும்பத்தின் மாத உதவித்தொகையை நிறுத்திவிடக்கூடும்.

நிலைத்து நிற்பது எது?

நிபுணர்கள் சில மாதங்களோ சில ஆண்டுகளோ தங்கிவிட்டுத் திரும்பிவிடுவர். சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு உள்நாட்டு அதிகாரிகளையும் நாடாளுமன்றத்தையும் நீதிமன்றங்களையும் சார்ந்தது. எக்ஸ்டர் வகுத்த சட்டம் 70 ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. அது அளித்த முன்பண வசதியைத் தொடர்ந்து வந்த அரசுகள் பயன்படுத்திக்கொண்டன. புதிய சட்டத்தில் அவ்வழி அடைக்கப்பட்டுள்ளது. அடுத்த நெருக்கடியின்போது அதை மீண்டும் திறக்கச் சட்டத் திருத்தம் தேவை. அத்தகைய திருத்தத்தை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யப்போவது இலங்கை நாடாளுமன்றமே.