விண்ணேணியும் வெளியேற்றப்பட்டோரும்

விஞ்ஞானப் புனைகதை என்றதும் அது சிறுவர் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுவோர் நம்மவர்களில் அநேகர். ராக்கட்டும் றோபோவும் நமக்கெதற்கு என்று கேட்பார்கள். எனக்கோ அந்தக் கதைகள் என் சொந்தச் சரித்திரத்தை வாசிக்கக் கற்றுத் தந்தன. அதைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

எண்பதுகளில் யாழ்ப்பாணம் சோனகதெருவில் எங்கள் ஒழுங்கையில் ஒரேயொரு வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. ரூபவாஹினி 1982 இல் தொடங்கிவிட்டது. ஆனாலும் குடாநாட்டுக் கூரைகளின் மேல் உயர்ந்து நின்ற அன்டெனாக்கள் பல இந்தியாவின் பக்கமே முகம் திருப்பியிருந்தன. தூரதர்ஷனில் ஸ்டார் ட்ரெக் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டு விறாந்தையில் பாய் விரித்துக் காத்திருப்போம். திரையில் மழை தூறுவது போன்ற புள்ளிகளுக்கிடையே கூர்ச்செவி ஸ்பொக் தெரிவார். ஆங்கிலம் பாதி விளங்காது. மனிதர் ஒளியாய்க் கரைந்து இன்னோரிடத்தில் முளைக்கும் அந்தக் காட்சி ஒன்றே எங்களுக்குப் போதுமாயிருந்தது.

1990 ஒக்டோபர் 30 அன்று ஒலிபெருக்கி எங்களை உஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்தது. துப்பாக்கி ஏந்தியவர்கள் 2 மணித்தியால அவகாசம் தந்தார்கள். அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். வாப்பா இரவல் வாங்கிப் பாதி வாசித்திருந்த ஒரு புத்தகத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்தபோதும் 'அந்த மனுசனுக்குப் புத்தகம் குடுக்கயில்லையே' என்றுதான் அடிக்கடி கவலைப்பட்டார்.

பின்னர் வேலை தேடிக் கொழும்பு போன காலத்தில், மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் ஆதர் சி. கிளார்க்கின் 'தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' அகப்பட்டது. கிளார்க் ஆங்கிலேயர். 1956 இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008 மார்ச் 19 இல் கொழும்பிலேயே காலமானவர். பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 இலேயே எழுதியவர். 1979 இல் வெளிவந்து ஹியூகோ, நெபியூலா ஆகிய இரு விருதுகளையும் பெற்ற இந்நாவலில் அவர் அதே உயரத்துக்கு ஓர் ஏணி போடுகிறார். வன்னேவர் மோர்கன் என்ற பொறியியலாளன் பூமியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்ட முனைகிறான். அதற்குத் தோதான இடம் தப்ரபேனிலுள்ள ஸ்ரீ கந்த மலையுச்சி. வேறொன்றுமில்லை, நமது பாவா ஆதம் மலைதான் பெயர் மாறி வந்திருக்கிறது. கதைக்காகத் தீவையே தெற்கே இழுத்துப் பூமத்திய ரேகையில் வைத்துவிட்டார் ஆசிரியர்.

மலையுச்சியில் பிக்குகளின் பழம்பெரும் மடமொன்று உண்டு. அவர்கள் போக மறுக்கிறார்கள். பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை எட்டும் நாளில் மடம் தோற்றுவிடும் என்பது அங்கு வழங்கும் ஐதீகம். ஒரு புயல் அவற்றை உச்சிக்குக் கொண்டு சேர்க்கிறது. பிக்குகள் இறங்கிப் போகிறார்கள். கோபுரம் எழுகிறது.

பொறியியலை வாசித்து வியந்த நான், வண்ணத்துப்பூச்சிகள் வந்ததும் புத்தகத்தை மூடிவைத்தேன். கிளார்க் அந்தப் பிக்குகளைக் கேலி செய்யவில்லை. தலைமைத் தேரரைக் கண்ணியமாகவே படைத்திருக்கிறார். ஆயினும் மலையை விட்டு இறங்கியவர்களின் பின்னால் கதை போகவில்லை, கோபுரத்தின் பின்னால்தான் போகிறது. இறங்கிப் போனவர்களில் ஒருவனாக இருந்து வாசித்தபடியால் எனக்கு அது உறுத்தியது.

அந்த மலைக்கு வேறொரு கதையும் உண்டு. 1344 இல் இப்னு பதூதா அதில் ஏறினார். புத்தளத்தில் அவரை வரவேற்று, வழித்துணையும் பல்லக்கும் கொடுத்து அனுப்பியவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. வடபுலத்து மன்னனொருவன் முஸ்லிம் விருந்தாளியை உபசரித்த அதே புத்தளத்துக்குத்தான் 646 வருடங்களுக்குப் பின் வடபுலத்து முஸ்லிம்கள் அகதிகளாய் வந்து சேர்ந்தார்கள்.

தொலைக்காட்சியும் இந்தக் கேள்வியைத் தொட்டதுண்டு. ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தலைமுறைத் தொடரில் 'ஜர்னிஸ் எண்ட்' என்ற அங்கம் 1994 இல் வந்தது. இரு வல்லரசுகள் எல்லை ஒப்பந்தம் செய்கின்றன. அதனால் அமெரிக்கப் பழங்குடி மரபினரின் குடியேற்றமொன்றை அகற்றும்படி கப்டன் பிக்கார்டுக்குக் கட்டளை வருகிறது. அவர் சங்கடப்படுகிறார். கடைசியில் அம்மக்கள் புதிய ஆட்சியின் கீழேனும் தங்கள் மண்ணிலேயே இருப்போம் என்று முடிவெடுக்கிறார்கள். கட்டளை பெற்றவனின் மனச்சாட்சியைக் காட்டியதற்காக அந்த அங்கத்தை நான் மதிக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னரே எழுதிவிட்டாள் நம் சமூகத்துப் பெண்ணொருத்தி. வங்காளத்து பேகம் றொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' 1905 இல் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற சஞ்சிகையில் ஆங்கிலத்தில் வெளியானது. பெண்கள் ஆளும் நாடு அது. வீட்டுக்குள் அடைபட்டிருப்பவர்கள் ஆண்கள். நம்மைப் பார்த்துச் சிரிக்கத்தான் அப்படித் தலைகீழாக்கினார். அங்கே ஒரு பல்கலைக்கழகம் மேகத்திலிருந்து நீரை இறக்குகிறது, இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. அயல்நாட்டிலிருந்து சிலர் அடைக்கலம் தேடி வருகிறார்கள். அந்நாட்டரசன் அவர்களைத் திருப்பிக் கேட்கிறான். தஞ்சம் புகுந்தோரை வெளியே தள்ள மாட்டேன் என்று இராணி மறுக்கிறாள். அதனாலேயே போர் மூள்கிறது. சேமித்த சூரிய வெப்பத்தைப் பகைவர் மீது திருப்பிப் பெண்கள் வெல்கிறார்கள்.

கிளார்க்கின் விண்ணேணியில் கணக்குப் பிசகில்லை. றொக்கையாவின் விஞ்ஞானத்தில் எத்தனையோ ஓட்டைகள் காட்டலாம். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்தால் எனக்குப் பெரிதாகத் தெரிவது றொக்கையாவின் கதைதான். எதிர்காலம் வரும் வழியில் குடியிருப்பவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருந்தது. அகதி முகாமில் வளர்ந்தவனுக்கு இந்த அளவுகோலை விட வேறு வராது.

2009 இல் போர் ஓய்ந்தபின் சோனகதெருவுக்குத் திரும்பியவர்கள் உண்டு. புத்தளத்திலேயே வேர்விட்டுப் போனவர்கள் அவர்களை விட அதிகம். 1981 இல் எரிக்கப்பட்ட பொது நூலகமும் மீண்டும் வெள்ளையாய் எழுந்து நிற்கிறது. போனதை எழுதி நாம் நிறையவே அழுதுவிட்டோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் இன்னும் ஐம்பது வருடத்து யாழ்ப்பாணத்தைக் கற்பனை செய்தும் நம்மில் யாராவது ஒரு கதை எழுதட்டும். பறக்கும் கார் இல்லாவிட்டாலும் குறையில்லை. வாப்பாவின் இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால், கதவைத் திறந்து 'உள்ளே வாங்கோ' என்று சொல்ல அந்த ஊரில் ஓர் ஆள் இருந்தால் சரி.